பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை

மாமா,

நேற்று அந்தி மழையில் கரண்ட் போய்விட்டது. அம்மா அலமாரித் தட்டைத் தடவி, கையில் அகப்பட்டதை எடுத்து எரிய விட்டாள். வெளிச்சம் வந்தது. கூடவே 'கர்ர்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. உங்கள் வாக்கி டாக்கி. அதன் தலையில் குட்டியாக ஒரு விளக்கு இருக்கிறதல்லவா, அம்மாவுக்கு இப்போது அதுதான் டார்ச். இரைச்சலைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

"உன் மாமன் வாங்குனதுலயே உருப்படியா ஒண்ணு உண்டுன்னா அது இதுதான். என்ன வெட்டம் பாரு!" என்றாள்.

"அம்மா, அது பேசுகதுக்கு உள்ளது."

"பேசுகதுக்கா? யாருகிட்ட?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு மீன் சட்டியை இறக்கப் போய்விட்டாள். நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் ரப்பர் ஷீட்டின் புகை வாசனை வருகிறது. மார்த்தாண்டம் குடோனில் நாள் முழுக்க ஷீட் தரம் பிரித்துவிட்டு, அதே கையால் நீங்கள் பிடித்ததல்லவா. யாரிடம் என்று அம்மா கேட்டதற்குப் பதிலாக இதை எழுதத் தோன்றியது.

நம் வீட்டில் பேசாதவர்கள் இரண்டு பேர். எனக்கு வெட்கம். உங்களுக்குப் பேச்சு திக்கும். அம்மா நம் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள், அதற்கு மேலும் பேசினாள். ரேஷன் கடையில், பேங்கில், கல்யாண வீட்டில், உங்களிடம் யாராவது எதையாவது கேட்டால் பதில் அம்மாவிடமிருந்து வரும். அம்மா இல்லாத இடத்தில் கேட்டவர்களே பதிலையும் சொல்லிக்கொள்வார்கள். நீங்கள் முதல் எழுத்தில் நிற்கும்போதே ஆளுக்கொரு வார்த்தையை எடுத்து நீட்டுவார்கள். பழம்பொரி கேட்க நினைத்து வாய் திறப்பீர்கள், தட்டில் பருப்புவடை வந்து உட்காரும். "கிட்டுனத தி... தின்னாப் போரும்" என்று அதையே தின்றுவிட்டு வருவீர்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். உதவி செய்கிறோம் என்று நினைத்தார்கள்.

உங்கள் பேச்சை நான் ஒருநாளும் முடித்து வைத்ததில்லை. அதற்கு என் நல்ல குணம் காரணம் என்று நீங்கள் அம்மாவிடம் சொல்வீர்கள். அப்படி ஒன்றும் இல்லை மாமா. எனக்கு வாய் திறக்கவே கூச்சம், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நான் தக்கலையில் ஷீலா அக்காவின் தையல் கடைக்குப் போக ஆரம்பித்த வருடம்தான் நீங்கள் பட்டம் கட்ட ஆரம்பித்தீர்கள். சின்னப் பிள்ளைகள் விடுகிற காகிதப் பட்டம் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், முக்கோணமாக, குடைத் துணியில் தைத்தது. மூங்கில் சீவுவது நீங்கள், துணி தைப்பது நான். ஷீலா அக்கா மிஷினில் குடைத் துணியைப் பார்த்துவிட்டு, "எவளுக்கு பிள்ளே இந்த மழைக்கோட்டு? மூணு கையுள்ளவளா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த மாதிரிப் பட்டத்தை ஒரு ஆளாக ஏற்ற முடியாது. ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்க வேண்டும், இன்னொருவர் நூலைப் பிடித்துக் காற்று பார்த்து "விடு" என்று சொல்ல வேண்டும். சத்தம் போட்டால்தான் கேட்கும். நம் இருவரில் சத்தம் போட ஆள் இல்லை. அதனால் சைகைக்கு நீங்கள் ஒரு துண்டு கொண்டு வந்தீர்கள். அது சிவப்புத் துண்டு. அன்று நூலும் துண்டும் என் கையில். நாம் நின்ற இடம் இரணியல் பக்கம், ரயில் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வற்றிய குளம். ரயிலுக்குச் சிவப்பு என்றால் என்ன என்று நம் இருவருக்கும் நினைவு வரவே இல்லை.

ரயில்வே கேட்காரர் வரப்பு வழியே ஓடி வந்த ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ரயில நிப்பாட்டணுமாட்டி ஒனக்கு? செவப்புத் துணிய வீசிட்டு நிக்க! அங்க மேல கரண்டுக் கம்பி வேற போகு!"

நான் மண்ணைப் பார்த்தேன். பட்டத்தோடு ஓடி வந்த உங்கள் பக்கம் அவர் திரும்பினார்.

"ஓய், உம்ம பேரு என்ன?"

நீங்கள் வாய் திறந்தீர்கள். முதல் எழுத்து தொண்டையில் மாட்டிக்கொண்டது. மற்ற வார்த்தைகள் என்றால் நீங்கள் சமாளித்துவிடுவீர்கள், ஒன்று வராவிட்டால் பக்கத்து வார்த்தையைப் பிடித்துத் தப்பிப்பீர்கள். பெயருக்குப் பக்கத்து வார்த்தை கிடையாது.

"செல்வனா?" என்றார் அவர். நீங்கள் இல்லை என்று தலையை ஆட்டினீர்கள். "மணியா? ஸ்டீபனா? என்ன ஓய், ரெண்டு பேருக்கும் வாயில கொழுக்கட்டையா?"

ஸ்டீபனுக்கு நீங்கள் ஆமாம் என்று தலையசைத்துவிட்டீர்கள்.

"ஆ, ஸ்டீபன்! இன்னொரு மட்டம் இங்க துணியோட பாத்தேன்னா ஸ்டேஷன்ல கொண்டு இருத்திருவேன். பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போவும் ஸ்டீபன்."

திரும்பி வரும் வழியில் சிரிப்பு தாங்காமல் பைக்கை ஓரமாக நிறுத்தினீர்கள். "மக்கா, எ... எனக்கு ஞானஸ்நானம் பண்ணிட்டான்லா." நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கை உதைக்கப் போனவர், உதைக்காமல் நின்றீர்கள். வெகுநேரம் எடுத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னீர்கள். "ஒரு தரம் மக்கா. எவனாவது பேரு கேக்கணும், நான் சொல்லணும். நானே சொல்லணும். அது போரும்."

அந்த வாரம்தான் வாக்கி டாக்கி வாங்குவது என்று முடிவானது. பட்டத்துக்காக என்று அம்மாவிடம் சொன்னோம், அது உண்மைதான். மொபைல் போதாதா என்று அவள் கேட்டாள். நூலைப் பிடித்த கையால் எண் தட்டி, மணி அடித்து, எடுத்து, ஹலோ சொல்லி முடிப்பதற்குள் காற்று கன்னியாகுமரி போய்விடும். அமுக்கினால் உடனே கேட்க வேண்டும்.

முதலில் மார்த்தாண்டம் ஃபேன்சி கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி வாங்கி வந்தீர்களே, அதை மறக்க முடியாது. அட்டைப் பெட்டியில் மலையும் விமானமும் படம் போட்டிருந்தது. நான் அடுக்களையிலும் நீங்கள் கிணற்றடியிலும் நின்று பேசினோம். அதில் கேட்டதைவிட ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது.

அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் மொபைலில் தேடத் தொடங்கினேன். இந்த விஷயத்தில் நான்தான் தலைவி. விலை நம் கைக்கு அடங்க வேண்டும், சார்ஜ் போட வீட்டில் இருக்கிற மொபைல் சார்ஜரே போதும் என்று இருக்க வேண்டும், மழைத் தூறல் விழுந்தால் செத்துப்போகக் கூடாது. பெட்டியில் எழுதியிருக்கிற கிலோமீட்டரை நம்பக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். அந்தத் தூரமெல்லாம் இந்த மலை உச்சியிலிருந்து அந்த மலை உச்சிக்கு. ரப்பர் மரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே அது தெருமுனை தாண்டினாலே பெரிய காரியம்.

பெரிய கறுப்பு செட் ஒன்று உங்களுக்குப் பிடித்திருந்தது. நீள ஆன்டெனா, போலீஸ்காரர் இடுப்பில் இருக்கிற மாதிரி. விலையும் அதிசயமாகக் குறைவு. ஆனால் அதை வைத்துப் பேச வேண்டுமானால் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்று படித்துச் சொன்னேன். அரை வாட் சக்திக்குள், லைசன்ஸ் வேண்டாத அலைவரிசை என்று ஒன்றைத் தனியாக விட்டுவைத்திருக்கிறார்கள், பொழுதுபோக்குக்கு அதுதான் சரி என்றேன். நீங்கள் மறுபேச்சு பேசவில்லை. "போலீசு பிடிச்சு லை... லைசன்ஸ் எங்கன்னு கேட்டா, நான் பதில் சொல்லி முடிக்கதுக்குள்ள தண்டனையே முடிஞ்சிரும்."

நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாக்கி டாக்கி விற்கிற அந்தக் கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். கடைக்காரர் நம் வயிற்றுப் பசியைக்கூடத் தீர்த்துவைப்பவர் போலப் பேசினார். லைசன்ஸ் வேண்டாத வகையில் இரண்டு மாடல் எடுத்து வைத்தார். ஒன்று பொத்தானை அமுக்கிப் பேசுவது. மற்றது கொஞ்சம் உயர்ந்தது, பொத்தானே வேண்டாம், குரல் கேட்டால் தானே திறந்துகொள்ளும்.

"பட்டம் விடுக ஆளுக்கு இதுதான் சார் சரி. ரெண்டு கையும் நூல்ல இருக்கும். நீங்க பேசுனாப் போரும், அது கேட்டுக்கும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டு நான் சந்து முனைக்குப் போய் நின்றேன். காதில் வைத்துக் காத்திருந்தேன். "ம..." என்று வந்தது. உடனே 'டிக்' என்று அணைந்தது. மறுபடி "ம...", மறுபடி 'டிக்'. மக்கா என்று கூப்பிட வருகிறீர்கள், முதல் எழுத்தில் நிற்கிறீர்கள், நின்றவுடன் அது, பேச்சு முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்திக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் மாதிரியே ஒரு இயந்திரம்.

நான் கடைக்குத் திரும்பியபோது கடைக்காரர் உங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "நடுவுல நிறுத்தினா கட் ஆயிரும் சார். நிறுத்தாம மளமளன்னு பேசணும்."

"அ... அது தெரிஞ்சா," என்றீர்கள், "நான் எதுக்கு இங்க வாறேன்?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார். நீங்கள் சிரித்த பிறகுதான் அவர் சிரித்தார்.

நான் மேசையில் கிடந்த பொத்தான் வைத்த மாடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்க வேண்டும். கடைக்காரரிடம் நான் அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. கேட்காவிட்டால் தெரியாமலே வாங்கிப் போவோம், அதுவும் வீணாகும்.

"இத அமுக்கிப் பிடிச்சிட்டு பேசாம நின்னா," என்று கேட்டேன், "எம்புட்டு நேரம் கட் ஆகாம இருக்கும்?"

"பேசாமலா?"

"ம்."

"இத்தனை வருசத்துல எவ்வளவு தூரம் பேசலாம்னுதான் கேட்டிருக்காவ. எவ்வளவு நேரம் பேசாம இருக்கலாம்னு நீ ஒருத்திதான் கேக்க."

ஆனால் நல்ல மனிதர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு நிமிடம் போனால் தானாக அணைந்துவிடுமாம். "பட்டன்மேல எவனாவது இருந்துட்டான்னா செட்டு சூடாயிரும்லா, அதுக்கு." பிறகு ஏதேதோ அமுக்கி, அதை மூன்று நிமிடத்துக்கு நீட்டலாம் என்று கண்டுபிடித்தார். நீட்டினார். அப்புறம் நாம் செய்த சோதனைதான் வேடிக்கை. நீங்கள் கடைக்குள் பொத்தானை அமுக்கியபடி ஒன்றும் பேசாமல் நிற்கிறீர்கள். நான் மற்றதைக் காதில் வைத்துச் சந்தில் ஒன்றும் பேசாமல் நிற்கிறேன். கடைக்காரர் நடுவில் வாசற்படியில் நின்று நம் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். அந்த நேரம் முழுக்க என் காதில் உங்கள் மூச்சும் கடை மின்விசிறியும் கேட்டுக்கொண்டே இருந்தன. கதவு சாத்தவில்லை. எல்லோரும் பேசிப் பார்த்து வாங்குவார்கள், நாம் பேசாமல் இருந்து பார்த்து வாங்கினோம்.

இரணியல் குளம் இனி வேண்டாம் என்று வில்லுக்குறிப் பக்கம் ஒரு குளத்துக்கு மாறினோம். வைகாசிக் காற்று, தண்ணீர் இன்னும் திறந்துவிடவில்லை, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான் பட்டத்தோடு தூரத்தில் போய் நின்று, என் வாழ்க்கையில் முதல் முறையாக வாக்கி டாக்கியில் பேசினேன். "மாமா, காத்து இங்க நல்லா இருக்கு."

பதில் வந்தது. "ஓவர்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. நான் பேசியதே நாலு வார்த்தை. அதுவே ஓவராம்! பட்டத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் நூலைப் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் ஓடி வந்தீர்கள்.

"என்ன மக்கா, கா... காலுல வல்லதும் குத்திச்சா?"

"நான் ஒண்ணும் ஓவராப் பேசல்ல."

அப்புறம்தான் சொன்னீர்கள். பேசி முடித்தேன், இனி நீ பேசு என்பதற்கு ஓவர் என்று சொல்ல வேண்டும், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், வீடியோவில் பார்த்தீர்கள் என்று. நீங்கள் சொல்ல வந்தது "செரி, ஓவர்". 'செரி' வரவில்லை, 'ஓவர்' மட்டும் வந்துவிட்டது. அந்த வெயிலில் நாம் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஆனால் அந்த வார்த்தை நமக்கு ஒத்துவரவில்லை. நீங்கள்தான் மாற்றினீர்கள். நம் ஊரில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு "கேட்டியா" போடுவோமே, அதையே வைத்துக்கொள்வோம் என்றீர்கள். நீங்கள் "விடு மக்கா, கேட்டியா" என்பீர்கள். நான் "விட்டாச்சு மாமா, கேட்டியளா" என்பேன். வேடிக்கை என்னவென்றால் "கேட்டியா" மட்டும் உங்களுக்கு ஒருநாளும் திக்கியதில்லை. அதுவரை எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தாலும் அந்த வார்த்தையில் வழுக்கிக்கொண்டு போய் இறங்குவீர்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பேச்சுதான். பட்டம் ஏறிய பிறகும் நான் திரும்பி வரமாட்டேன், அங்கேயே ஆலமரத்தடியில் உட்கார்ந்து பேசுவேன். முகம் பார்க்க வேண்டாம், இடையில் யாரும் வெட்டமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்லும்போது நெஞ்சு எப்படி அடித்தது என்பதை உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். ஷீலா அக்கா எனக்கு ரவிக்கை வெட்டக் கொடுத்ததையும் அப்படித்தான் சொன்னேன். நீங்களும் என்னென்னவோ சொன்னீர்கள். பாதிக்கு மேல் மௌனம்தான், ஆனால் எல்லாம் கடைசி வரை வந்து சேர்ந்தது.

ஒரு முகூர்த்த நாளில் நம் சேனலில் வேறு குரல் நுழைந்தது நினைவிருக்கிறதா? பக்கத்துக் கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள். "ரெண்டாம் பந்திக்கு பாயாசம் எறக்கு! பப்படம் எங்கலே?" என்று ஒரே ரகளை. நம்முடையதில் தனிச் சேனல் என்று கடைக்காரர் சொன்னது பூட்டு இல்லை, வெறும் திரைச்சீலை என்று அன்று தெரிந்தது. நீங்கள் மெதுவாகப் பொத்தானை அமுக்கி, "எ... எங்களுக்கும் ரெண்டு எலை போடுங்கோ, கேட்டியளா" என்றீர்கள். அந்தப் பக்கம் இருந்து ஒரே கத்தல், "எவம்லே அது?" நாம் சேனலை மாற்றிக்கொண்டு ஓடிவிட்டோம்.

அந்த ஆடியில்தான், பட்டக்காரர்களுக்கெல்லாம் தலைவர் போல இருக்கிற அருள் அண்ணன் கூப்பிட்டார். மாவட்டத்தில் பட்டம் விடுகிறவர்கள் எல்லாரும் சங்குத்துறைக் கடற்கரையில் ஒரு ஞாயிறு கூடுகிறோம், எல்லாரும் வாக்கி டாக்கியை ஒரே சேனலில் வைத்துக்கொள்ள வேண்டும், முறை வந்ததும் அவரவர் பெயரும் ஊரும் சொல்லிவிட்டு ஏற்ற வேண்டும் என்றார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் அமுக்கினாலும் போகாதபடி ஒரு ஏற்பாடு செட்டில் உண்டு, அதையும் எல்லாரும் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மூங்கிலைச் சீவிக்கொண்டே இருந்தீர்கள். வேண்டியதற்கு மேல் சீவி, அந்தக் குச்சி வீணாகிப்போனது.

அதன் பின் உங்கள் பெயரை நீங்கள் கிணற்றடியில் பழகியதை நான் கேட்டேன். தனியாக இருக்கும்போது அது அழகாக வந்தது. யாராவது எதிரில் நின்றால்தான் கஷ்டம்.

கடற்கரைக்கு அம்மாவும் வந்தாள், தூக்குவாளியில் கிழங்கும் மீனும் எடுத்துக்கொண்டு. நல்ல காற்று. வானம் முழுக்க மீனும் பாம்பும் கழுகுமாகப் பட்டங்கள். அருள் அண்ணன் நம்மிடம் வந்து, தணிந்த குரலில், "உங்க பேர நானே சொல்லிருதேன். நீங்க பட்டத்த மட்டும் பாத்துக்கிடுங்க" என்றார். நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னார். நீங்கள் வேண்டாம் என்று தலையசைத்தீர்கள்.

நம் முறை வந்தது. "அடுத்தது தக்கலை," என்றார் அருள் அண்ணன். "பேரு சொல்லுங்கோ."

நீங்கள் பொத்தானை அமுக்கினீர்கள்.

கடற்கரை முழுக்க இருந்த செட்டுகளில் ஒரே நேரத்தில் நீங்கள் நின்ற இடத்துக் காற்று கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் அருள் அண்ணன் தன் பொத்தானை அமுக்கிப் பார்த்தார், அது 'டுப்' என்று மறுத்தது. இன்னும் யாரோ அமுக்கினார்கள், அவர்களுக்கும் அதேதான். உங்கள் விரல் அதன்மேல் இருக்கும்வரை செல்வன், மணி, ஸ்டீபன் என்று எவராலும் எதையும் எடுத்து நீட்ட முடியாது.

ஆனால் அம்மாவிடம் செட் இல்லை. அவளுக்கு எதற்குச் செட்? தூக்குவாளியை மணலில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, மூச்சை இழுத்தாள்.

"அம்மா, சும்மா இரு!"

அது என் குரல். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏட்டி, அவன் நின்னு முழிக்கா..."

"மாமா பேசிட்டு இருக்காவ. நீ சும்மா இரு."

அம்மாவின் கை அப்படியே இறங்கியது. காற்று இரைந்துகொண்டே இருந்தது. பிறகு முதல் எழுத்து வந்தது. நின்றது. மறுபடி அதே எழுத்து. பிறகு முழுப் பெயரும், அதோடு தாத்தாவின் பெயரும் முன்னால் சேர்ந்து, ஊர் பெயரும், எல்லாம் ஒரே வரிசையாக வந்து, கடைசியில் பழக்க தோஷத்தில், "கேட்டியளா?"

நீங்கள் பொத்தானை விட்டதும் பதில் வந்தது. யாரோ ஒருவர், "கேட்டாச்சு!" அடுத்து இன்னொருவர், "கேட்டோம் அண்ணாச்சி!" மணவாளக்குறிச்சிக்காரர் ஒருவர், "நல்லாட்டு கேட்டு!" எல்லாச் செட்டிலிருந்தும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை மாமா. நீங்கள் சொல்லியாயிற்று.

நம் பட்டம் அன்று மேலே போனதும் ஒருமுறை சுற்றி, நேராகக் கடலில் விழுந்தது. நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணலில் உட்கார்ந்து அம்மாவின் தூக்குவாளியில் பாதியைக் காலி செய்தீர்கள். அம்மா உங்கள் முதுகில் ஒன்று வைத்தாள். "பேரச் சொல்லுகதுக்கு இவ்வளவு நேரமால சவமே!" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

மழைக்காலம் பிறந்த சமயம், ஒரு காலையில் குடோனுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா கடற்கரைக் கதையைத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. பட்டம் மேகத்துக்குள் போய் மறைந்துவிட்டது என்கிற வரை வந்துவிட்டாள். நான் திருத்தவில்லை. "என் தம்பி பேரச் சொன்னாம்லா, கடலே நின்னு கேட்டு" என்பாள். அருள் அண்ணன் வந்தபோது அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்கு என்ன மிச்சம் என்று நேற்று இரைச்சலைக் கேட்டபடி யோசித்தேன். போன வாரம் தையல் கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் வயதுள்ள ஒரு பெண் வெள்ளைப் பாவாடைத் துணியோடு வந்தாள். விளிம்புக்கு வேறு நிறத்தில் பட்டி வைத்துத் தைக்க வேண்டுமாம். என்ன நிறம் என்று ஷீலா அக்கா கேட்டாள். அவள் வாய் திறந்து, அப்படியே நின்றாள். உங்களைப் போலத் திக்கலா, என்னைப் போல வெட்கமா என்று தெரியவில்லை. ஷீலா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஊதாவா? பச்சையா? வாடாமல்லியா? சொல்லு பிள்ளே, சோலி கெடக்கு." அந்தப் பெண் பச்சைக்குத் தலையசைக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தலையசைப்பு எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, நில்லுங்க," என்றேன். "அவ சொல்லட்டு."

கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெளியே ஒரு பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போனது.

"மாந்தளிர்," என்றாள் அவள்.

இளம் மாவிலை நிறம், சிவப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல். எங்களில் யாருக்கும் அது தோன்றியிருக்காது. வெள்ளைத் துணிக்கு அதைவிடப் பொருத்தமான நிறமும் இல்லை. எங்களிடம் அந்த நிறத்தில் பட்டித் துணியும் இல்லை, நூலும் இல்லை. ஷீலா அக்கா என்னைத்தான் அனுப்பினாள். தக்கலைக் கடைத்தெரு முழுக்க ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, "மாந்தளிர் இருக்கா?" என்று வாய் திறந்து கேட்டுக்கொண்டே போனேன் மாமா. கடைசிக் கடையில் இருந்தது.